பூச்சி மாத்திரை கொடுத்த ஐந்து வாரத்தில் மீண்டும் அரிப்பு: மருந்து வேலை செய்யவில்லையா?

கேள்வி

வணக்கம். எங்கள் 6 வயது மகளுக்கு இரண்டு மாதங்களுக்கு மேலாக இரவில் ஆசனவாயில் கடுமையான அரிப்பு இருக்கிறது. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். பகலில் அந்தத் தொல்லை பெரிதாக இருப்பதில்லை. அருகிலிருந்த மருத்துவமனையில் மலப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு முறையும் "புழுவோ முட்டையோ காணப்படவில்லை" என்றே முடிவு வந்தது. இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்த மூன்றாம் நாளிலிருந்து குழந்தை நிம்மதியாகத் தூங்கினாள். சரியாக ஐந்து வாரம் கழித்து அரிப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

எனக்கு நான்கு சந்தேகங்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் இது பூச்சியாக இருக்க முடியுமா? பூச்சிதான் என்றால், மருந்துக்கு அது அடங்காமல் போய்விட்டதா, வேறு மருந்து கேட்க வேண்டுமா? வீட்டில் 15 மாதக் கைக்குழந்தையும், நான்கு மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் இருக்கிறார்கள். அவர்களும் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டுமா? நாங்கள் வளர்க்கும் பூனையிடமிருந்துதான் வந்திருக்கும் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். அதை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். குழந்தை இனிப்பு அதிகம் தின்பதாலும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாலும் பூச்சிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இதையெல்லாம் வெளியில் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.


மறுமொழி 1 (ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள், அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் கீரிப்பூச்சியையே, அதாவது பாடநூல்களில் ஊசிப்புழு என்று எழுதப்படும் மெல்லிய வெள்ளைப் புழுவையே சுட்டுகின்றன. மிகத் தூய்மையாகப் பேணப்படும் வீடுகளிலும், வசதி மிகுந்த நாடுகளிலும் பள்ளிக் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் புழு இது.

மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. இந்தப் புழுவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான பரிசோதனை. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவை குடலுக்குள்ளேயே முட்டையிடுவதால் அவற்றின் முட்டைகள் மலத்தோடு கலந்து வருகின்றன. கீரிப்பூச்சியின் பெண் புழு அப்படிச் செய்வதில்லை. குழந்தை உறங்கியபின் அது பெருங்குடலிலிருந்து இறங்கி, ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலின் மடிப்புகளில் 10,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடிந்துபோகிறது. உங்கள் மகள் இரவில் மட்டும் அழுவதற்குக் காரணம் இதுதான். முட்டை தோலின் மேல் இருக்கும்போது மலத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இதற்கென்று ஓர் எளிய முறை உண்டு. 1941-இல் கிரகாம் என்பவர் விவரித்த ஒட்டுநாடா முறைதான் இன்றும் பயன்படுகிறது. காலையில் குழந்தை கண்விழித்தவுடன், மலம் கழிப்பதற்கும் கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்பாக, விரலளவு நீளமுள்ள ஒளி ஊடுருவும் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் இரண்டு மூன்று இடங்களில் அழுத்தி எடுக்க வேண்டும். பின்னர் அதே ஒட்டும் பக்கம் கீழாக இருக்கும்படி கண்ணாடி ஸ்லைடின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, தேதி எழுதி, ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். பால்நிறத்தில் மங்கலாக இருக்கும் டேப் வேண்டாம். அதன் வழியாக எங்களுக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் எடுத்தால் பாதிப் பேருக்குத் தவறிப்போகக்கூடும். அடுத்தடுத்து மூன்று காலைகளில் எடுத்தால் ஏறத்தாழ 10-இல் 9 பேருக்குக் கண்டுபிடித்துவிடலாம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்த முட்டை ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். உள்ளே சுருண்டு கிடக்கும் இளம்புழுவும் பல நேரங்களில் தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் அதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கும் முன்பாக இன்றிரவே நீங்கள் ஒன்று செய்யலாம். குழந்தை உறங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் ஒளியில் ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில், தையல் நூல் துண்டு போல வெண்மையாக ஏதேனும் நெளிந்தால் அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. டேப்பைத் தொட்ட கையையும் நகத்தையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அந்த முட்டைகள் பரவக் கூடியவை.


மறுமொழி 2 (மருந்தாளுநர்)

மருந்து தோற்கவில்லை. முதல் மாத்திரைக்குப் பின் குழந்தை நன்றாகத் தூங்கியதே அதற்குச் சான்று. அடுத்த மாத்திரையை எழுதித் தராமல் விட்டதும், வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதும்தான் குறை.

உங்கள் ஐந்து வாரக் கணக்கைக் கொண்டே விளக்குகிறேன். அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரண்டெல் ஆகிய மூன்றும் குடலில் வாழும் புழுவைக் கொல்கின்றன அல்லது செயலிழக்கச் செய்கின்றன. முட்டையை அவை அழிப்பதில்லை. நீங்கள் மாத்திரை கொடுத்த அன்று குழந்தையின் நகக்கண்ணிலும் உள்ளாடையிலும் தலையணை உறையிலும் முட்டைகள் இருந்திருக்கும். இட்ட 4 முதல் 6 மணி நேரத்திற்குள் அவை தொற்றும் நிலைக்கு வந்துவிடுகின்றன. வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கவும் கூடும். அடுத்த சில நாட்களுக்குள் அவற்றில் சில மீண்டும் வாய்க்குள் போயிருக்கும். விழுங்கிய முட்டை குடலில் பொரிந்து, புழுவாக வளர்ந்து, தானும் முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஐந்தாம் வாரத்தில் அரிப்பு திரும்பியதன் பொருள் இவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை மருந்து கொடுப்பது கட்டாயம். இடைப்பட்ட நாட்களில் புதிதாக உள்ளே போன முட்டைகள் அதற்குள் புழுவாகியிருக்கும். ஆனால் முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்காது. அந்த இடைவெளியில் அடித்தால்தான் சங்கிலி அறுபடும். அதிலும் முக்கியமாக, ஒரே வீட்டில் இருப்பவர்கள் அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் பலருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்து, அவளோடு ஒரே படுக்கையில் படுப்பவரை விட்டுவிட்டால், அடுத்த மாதமும் இதே கேள்வியோடு நீங்கள் இங்கே வர நேரிடும்.

கைக்குழந்தைக்கும் தங்கைக்கும் நீங்களாக எதுவும் கொடுக்க வேண்டாம். 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குப் பொதுவான குடற்புழு நீக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 200 மில்லிகிராம், அதாவது பாதி அளவு. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரையை முழுதாக வாயில் போடவே கூடாது. நசுக்கி, நீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுது முரண்டு பிடிக்கும் குழந்தையின் மூக்கைப் பிடித்து மாத்திரையைத் திணிப்பதால் மூச்சுக்குழாய் அடைபட்டு உயிரே போகும் ஆபத்து உண்டு என்பதை மன்றாடிச் சொல்கிறேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைத் தவிர்ப்பதே வழக்கம். உங்கள் தங்கை அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார் என்றாலும், அவருடைய மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இனி வீட்டைப் பற்றி. இந்த இரண்டு வாரமும் தினமும் காலையில் எழுந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டுங்கள். இரவில் இடப்பட்ட முட்டைகளில் பெரும்பகுதி அந்தக் குளியலில் போய்விடும். மாலைக் குளியலால் அந்தப் பயன் கிடைக்காது. தொட்டியில் உட்கார வைக்காமல் நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது நல்லது. உள்ளாடையைக் காலையில் மாற்றுங்கள். படுக்கை விரிப்பை உதறாதீர்கள். உதறினால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அறை முழுவதும் பறக்கும். அப்படியே சுருட்டி எடுத்துச் சென்று வெந்நீரில் துவையுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போய் வந்தபின்னும் சாப்பிடும் முன்னும் கை கழுவும் பழக்கத்தைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கச் செய்யுங்கள். பூச்சிக்கொல்லி அடிப்பதோ, கிருமிநாசினியால் தரையை நாள்தோறும் தேய்ப்பதோ தேவையில்லை.

பூனையை எங்கும் அனுப்ப வேண்டாம். கீரிப்பூச்சி மனிதனிடம் மட்டுமே வாழ்கிறது; பூனையிடமிருந்தோ நாயிடமிருந்தோ அது வருவதில்லை. அந்த விலங்குகளுக்கு உரிய புழுக்கள் வேறு. அவற்றுக்காகப் பூனைக்குத் தனியாக மருந்து கொடுப்பது நல்ல பழக்கம்தான். இனிப்பு தின்பதால் புழு உண்டாவதும் இல்லை, முட்டை வாய்க்குள் போனால்தான் உண்டாகும். பல் கடிப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பூச்சியே இல்லாத எத்தனையோ குழந்தைகள் தூக்கத்தில் பல் கடிக்கிறார்கள். உங்கள் மாமியார் பூச்சி என்று கணித்தது சரி. காட்டிய காரணங்கள்தான் சரியில்லை.


மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். எல்லாப் புழுவும் ஒன்றல்ல என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அரிப்பு இருந்ததில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது, சிறு வேலைக்கே நெஞ்சு படபடத்தது. ஹீமோகுளோபின் 7 கிராம் என்று வந்தது. மாதவிடாய்தான் காரணம் என்று ஓர் ஆண்டுக்கும் மேலாக இரும்புச் சத்து மாத்திரை மட்டும் தந்தார்கள். எடுக்கும்போது சற்று ஏறும், நிறுத்தினால் மீண்டும் இறங்கும். கடைசியாக ஒரு மருத்துவர், "தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்வீர்களா? கால் விரலிடுக்கில் எப்போதாவது சொறி வந்ததா?" என்று கேட்டார். இரண்டுமே உண்மை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. எனக்கு அந்தப் பரிசோதனையே போதுமானதாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்குப் பயன்படாத அதே சோதனைதான் என் நோயைக் காட்டிக்கொடுத்தது.

கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இனத்தைப் பொறுத்து ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தம் போகும் என்று அவர் விளக்கினார். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். நூறு புழு, ஆண்டு முழுவதும் என்று பெருக்கிப் பார்த்தபோதுதான் என் களைப்புக்குப் பொருள் புரிந்தது. அல்பெண்டசோலுக்குப் பின் இரும்புச் சத்து மாத்திரையைச் சில மாதங்கள் தொடர்ந்தேன். இந்த முறை ஏறிய அளவு இறங்கவே இல்லை. செருப்பில்லாமல் தோட்டத்து மண்ணில் இறங்குவதையும் விட்டுவிட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிவிடுமோ என்று நான் அஞ்சினேன். மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் பொரிந்து, பல நாட்கள் வளர்ந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், ஒரே படுக்கையில் படுப்பதாலோ தொடுவதாலோ கொக்கிப்புழு பரவாது என்று சொன்னார்கள். கீரிப்பூச்சி படுக்கையில் பரவுகிறது, கொக்கிப்புழு மண்ணில் பரவுகிறது. என்ன புழு என்று தெரியாமல் எதைத் தூய்மை செய்வது?


மறுமொழி 4

நான் இவ்வளவு ஆராய்வதில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை நானே அல்பெண்டசோல் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். வயிறு சரியில்லை என்றாலும் அதையே போடுகிறேன். எந்தப் புழுவானாலும் அது கொன்றுவிடும் அல்லவா? சென்ற மாதம் இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு. இரண்டு முறை மாத்திரை போட்டும் நிற்கவில்லை. இன்னும் அதிக அளவில் எடுக்கலாமா?


மறுமொழி 5 (பொது மருத்துவர்)

மறுமொழி 4-ஐ எழுதிய நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர் செய்வதைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே கவலையளிக்கிறது. தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள்.

ஒட்டுண்ணி என்றால் புழு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜியார்டியா, அமீபா போன்றவை ஒற்றைச் செல் உயிர்கள், கண்ணுக்குத் தெரியாதவை. 1681-இல் நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான லீவன்ஹுக் தம்முடைய சொந்த மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஜியார்டியாவைக் கண்டதாகக் கருதப்படுகிறது. வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு, பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் மிதக்கும் மலம், வாயு, வயிற்று உப்பசம், எடை குறைவு ஆகியவை இருந்தால் ஜியார்டியாவை நினைக்க வேண்டும். ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை அதைத் தீர்க்காது. அதற்கு டினிடசோல், மெட்ரோனிடசோல் போன்றவை தேவை. சீதமும் இரத்தமும் கலந்து போனால் அமீபாவாக இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். அமீபா என்று உறுதியானால், மெட்ரோனிடசோல் முடிந்தபின் குடலுக்குள் ஒளிந்திருக்கும் அதன் உறைவடிவங்களை அழிக்க இரண்டாவதாக ஒரு மருந்தும் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றவுடன் நோயாளி திரும்பி வராமல் போவதால் அந்த இரண்டாவது மருந்து பெரும்பாலும் விடுபடுகிறது. சிலருக்குப் பின்னாளில் காய்ச்சலும் வலது விலாவின் கீழ் வலியுமாகக் கல்லீரலில் சீழ்க்கட்டி தோன்றுகிறது. ஆகவே நண்பரே, உங்களுக்கு இப்போது வேண்டியது மலப் பரிசோதனை. அதையும் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகளாகக் கொடுங்கள், ஏனென்றால் இந்த உயிர்கள் எல்லா நாளும் மலத்தில் வெளிவருவதில்லை.

புழுக்களுக்குள்ளும் ஒரே மாத்திரை எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. உருளைப்புழு ஒற்றை மாத்திரையில் போய்விடும். சாட்டைப்புழுவுக்கு அது பெரும்பாலும் போதாது, மூன்று நாள் தர வேண்டியிருக்கும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற மிகச் சிறிய புழுவுக்கு ஐவர்மெக்டின்தான் சிறந்த மருந்து.

இந்த ஸ்ட்ராங்கிலாய்டிஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மருத்துவர்களாகிய நாங்களும் மறந்துவிடுகிற புழு இது. வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராமலே, இருக்கும் உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா–தாய்லாந்து ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம், நாடு திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அதே புழு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு காலம் அமைதியாகக் கிடக்கும் புழு, ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ ஸ்டீராய்டு தொடங்கியவுடன் கட்டுமீறிப் பெருகி, உடல் முழுவதும் பரவி, உயிரைப் பறிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு வகை காரணமில்லாமல் உயர்ந்திருப்பவர்கள், குறிப்பாக மண்ணோடு புழங்கியவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் இதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், அல்லது அண்மையில் முதன்முறையாக வலிப்பு வந்தவர்கள், தாமாகப் புழு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வாய் வழியாக உள்ளே போனால், அதன் இளம்பருவம் மூளையில் நீர்க்கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். அந்த நிலையில் மருந்து பட்டுக் கட்டி சிதையும்போது மூளையில் வீக்கம் கூடலாம். ஸ்கேன் பார்த்து, வீக்கத்தை அடக்கும் மருந்தோடு சேர்த்தே சிகிச்சை தொடங்குவோம்.

"அப்படியானால் அரசுகளே ஆண்டுதோறும் எல்லாக் குழந்தைகளுக்கும் மாத்திரை கொடுக்கின்றனவே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண் வழிப் பரவும் புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் தொற்று இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இருமுறையும் குழந்தைகளுக்குக் கொடுக்க அது பரிந்துரைக்கிறது. அது ஒரு சமூகத்தின் புழுச் சுமையைக் குறைப்பதற்கான திட்டம். அதில் குழந்தைகள் பங்கேற்பது நல்லது. நோய் வந்த தனி ஒருவருக்குக் காரணம் தேடாமல் அதே மாத்திரையை மீண்டும் மீண்டும் தருவதற்கு அந்தத் திட்டம் நியாயம் ஆகாது.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு இரண்டு சொற்கள். பெண் குழந்தைகளுக்குக் கீரிப்பூச்சி சில நேரம் பிறப்புறுப்புக்குள் ஏறி, அங்கும் அரிப்பையும் வெள்ளைப்படுதலையும் உண்டாக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கத் தேவையில்லை.


கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அன்றிரவே 11 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை எடுத்த டேப்பிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மூன்று நாள் என்று நீங்கள் எழுதியிருந்ததால் தொடர்ந்தேன். மூன்றாம் நாள் ஸ்லைடில் முட்டை இருந்தது. ஆய்வகத்தில் இருந்தவர் என்னையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நீங்கள் எழுதிய அதே ஒருபக்கத் தட்டை வடிவம்.

மருத்துவர் வீட்டில் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தார்; கைக்குழந்தைக்கு அளவைக் குறைத்து நீர்மருந்தாகத் தந்தார். தங்கையின் மகப்பேறு மருத்துவர், அவருக்கு அறிகுறி இல்லாததால் இப்போது மருந்து வேண்டாம், காலைக் குளியலும் கை சுத்தமும் தனிப் படுக்கையும் போதும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது மாத்திரைக்கான நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பூனை வீட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் மாத்திரைக்குப் பிறகு முழுமையாகப் போய்விட்டதா என்று மறுபடியும் டேப் எடுத்துப் பார்க்க வேண்டுமா?


மறுமொழி 6 (ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

மூன்றாம் நாள் வரை விடாமல் எடுத்தது மிக நல்லது, அம்மா. அரிப்பு முற்றிலும் நின்றுவிட்டால் மறுபரிசோதனை கட்டாயமில்லை. அரிப்பு தொடர்ந்தாலோ மீண்டும் தொடங்கினாலோ, மாத்திரை கொடுக்கும் முன் மறுபடியும் மூன்று காலைகள் டேப் எடுங்கள். முட்டை இருந்தால், வீட்டிலோ பள்ளியிலோ புதிதாகத் தொற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். மருத்துவர் அதே இரண்டு தவணையை மீண்டும் தருவார். முட்டை இல்லையென்றால், தோலில் பட்ட புண்ணோ சோப்பின் ஒவ்வாமையோ கூட அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், தோலை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். தங்கைக்கு அரிப்பு தோன்றினால் அவருக்கும் இதே டேப் முறையைச் செய்யலாம். அதில் மருந்து எதுவும் இல்லை என்பதால் கர்ப்ப காலத்தில் அஞ்ச வேண்டியதில்லை.